வென்றவர் யார்?

அஸ்தபோவா என்பது இரஷ்ய நாட்டிலே ஒரு சின்னஞ்சிறு புகைவண்டி நிலையம். வண்டி வரும், நிற்கும், போகும். அவ்வளவுதான் அந்த ஊரின் வரலாறு. ஆனால் 1910ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் ஒரு வார காலம் உலகத்தின் கண்களெல்லாம் அந்த நிலையத்தின் மீதே இருந்தன. நிலைய அதிகாரியின் வீட்டிலே, 82 வயதுக் கிழவர் ஒருவர் நுரையீரல் அழற்சியால் மூச்சுத் திணறிக் கிடந்தார். வெளியே பத்திரிகைக்காரர் ஒருபுறம். படம் பிடிப்போர் ஒருபுறம். ஜார் அரசின் போலீசார் மற்றொருபுறம். தந்திக் கருவி ஓயவேயில்லை. அந்தக் கூட்டத்துக்கு நடுவே ஒரு மூதாட்டி, மூடிய சன்னலருகே நின்று கண்ணாடி வழியே உள்ளே எட்டிப் பார்க்கிறார். 48 ஆண்டுகள் அந்தக் கிழவரோடு குடும்பம் நடத்திய மனைவி அவர். உள்ளே வர அவருக்கு அனுமதி இல்லை!

கட்டிலில் கிடந்தவர் லியோ டால்ஸ்டாய். பிறப்பால் பிரபு. எழுத்தால் உலகறிந்தவர். அன்பு என்ற ஒரு சொல்லை முப்பது ஆண்டுகளாக ஓயாமல் சொல்லி வந்தவர். அவர்தான் தம் வீட்டை விட்டு நள்ளிரவில் வெளியேறி வந்து இப்படி வழியிலே விழுந்து கிடந்தார்.

அவர் வென்றாரா, தோற்றாரா? நாம் இன்று கேட்க விரும்பும் கேள்வி இதுதான்.

வெற்றி என்ற சொல் நமக்குப் புதிதன்று, தோழர்களே! ஆலை வாயிலில் அணிவகுத்து நின்று கூலி உயர்வு பெற்ற நாளிலே அந்தச் சொல்லை முழங்கியிருக்கிறோம். வாக்குப் பெட்டி திறந்த இரவிலே வெடி வெடித்து, மாலை சூட்டி, தொண்டை கட்டும் வரை அதையே கூவியிருக்கிறோம். எதிரே நின்றவன் வீழ்ந்தான் என்றால் நாம் வென்றோம் என்று பொருள். கணக்கு எளிது. ஆனால் எதிரி நம் எதிரே நில்லாமல், நம் சட்டைக்குள்ளேயே குடியிருந்தால்? அந்தப் போருக்குப் பறை ஏது? கொடி ஏது? அதிலே வென்றவனுக்கு மாலை போடத்தான் யார் வருவார்?

அந்தப் போரை வாழ்நாள் முழுதும் நடத்தியவர் கதை இது.

பச்சைக் குச்சி

டால்ஸ்டாய் 1828ஆம் ஆண்டு யாஸ்னயா போல்யானா என்ற பண்ணை வீட்டில் பிறந்தார். மாஸ்கோவுக்குத் தெற்கே சுமார் 200 கிலோமீட்டர் தொலைவு. இரண்டு வயது நிரம்புமுன் தாய் மறைந்தார். 1837இல் தந்தையும் போனார். அத்தைமார் அரவணைப்பில் வளர்ந்த பிள்ளைகளுக்கு, மூத்த அண்ணன் நிக்கலாய்தான் தலைவன், ஆசான், கதைசொல்லி எல்லாம்.

அந்த அண்ணன் ஒருநாள் தம்பிமாரிடம் ஓர் இரகசியம் சொன்னான். மனிதர் எல்லோரும் நோயின்றி, சண்டையின்றி, ஒருவரையொருவர் நேசித்து வாழும் வழி ஒன்று உண்டாம். அது ஒரு பச்சைக் குச்சியிலே எழுதப்பட்டிருக்கிறதாம். அந்தக் குச்சி, பண்ணையை அடுத்த காட்டிலே ஒரு பள்ளத்தின் ஓரத்தில் புதைந்து கிடக்கிறதாம். பிள்ளைகள் நாற்காலிகளைக் கவிழ்த்து, துணியால் மூடி, அதனுள்ளே ஒட்டி உட்கார்ந்து, தாங்கள் எறும்புச் சகோதரர்கள் என்று விளையாடுவார்களாம். விளையாட்டுத்தான். ஆனால் அந்தக் கடைக்குட்டித் தம்பியின் நெஞ்சிலே அந்தக் குச்சி அன்றே ஊன்றப்பட்டுவிட்டது. பிற்காலத்தில் அது அவரை விடவேயில்லை.

வளர்ந்த பிறகு? காசான் பல்கலைக் கழகத்தில் 1844இல் சேர்ந்தார். பட்டம் பெறாமலே 1847இல் வெளியேறினார். பங்காக வந்த பண்ணைக்கு எசமானர் ஆனார். நிலத்தோடு சேர்த்து நூற்றுக்கணக்கான பண்ணையடிமைகளும் அவர் உடைமை ஆனார்கள். மனிதனை மனிதன் சொத்தாக எழுதி வைத்துக்கொண்ட காலம் அது. 18 வயது எசமானர், அந்த ஆண்டே நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். அதிலே தமக்குத் தாமே சட்டம் போட்டார்: இன்ன நேரத்தில் எழ வேண்டும், இன்னதைப் படிக்க வேண்டும், சூதாடக் கூடாது, பெண் பித்து கூடாது. காலையில் எழுதிய சட்டத்தை மாலையில் மீறினார். மீறியதையும் மறைக்காமல் எழுதினார். மறுநாள் புதுச் சட்டம். மறுபடி மீறல்.

உள்ளே ஒரு போர் தொடங்கிவிட்டது. வெளியே இன்னொரு போர் காத்திருந்தது.

கொத்தளத்திலே

1851இல் அண்ணனோடு காக்கசஸ் மலைப் பகுதிக்குப் போனார். அங்கே ஜார் அரசு மலைவாழ் மக்களை அடக்கப் போர் நடத்திக் கொண்டிருந்தது. டால்ஸ்டாய் பீரங்கிப் படையிலே சேர்ந்தார். அடுத்து, கிரிமியப் போர். ஒரு பக்கம் இரஷ்யா. மறுபக்கம் பிரிட்டன், பிரான்சு, துருக்கி, பின்னர் சார்டினியா. செவஸ்தபோல் நகரை எதிரிப் படைகள் முற்றுகையிட்டன. 349 நாட்கள் நீடித்த முற்றுகை அது. 1855இல், நகரின் மிக ஆபத்தான முனையாகிய நான்காவது கொத்தளத்திலே டால்ஸ்டாய் பணி செய்தார். அப்போது அவருக்கு வயது 26.

வீரத்திலே குறை இல்லை. குண்டு மழைக்கிடையே கதை எழுதினார். ஆனால், அந்நாளிலே படையினரைப் பற்றி எழுதியோர் எழுதாத ஒன்றை அவர் எழுதினார். தளபதியின் குதிரையை அவர் பாடவில்லை. கால் வெட்டும் மருத்துவசாலைக்குள்ளே படிப்போரை அழைத்துச் சென்றார். பிணங்களை எடுப்பதற்காக இருதரப்பும் வெள்ளைக் கொடி தூக்கிய சில மணி நேரத்தைக் காட்டினார். அந்தச் சிறு இடைவேளையில் இரஷ்யச் சிப்பாயும் பிரெஞ்சுச் சிப்பாயும் அருகருகே வருகிறார்கள். புகையிலைக்கு நெருப்புக் கேட்கிறார்கள். மொழி தெரியாமலே சிரிக்கிறார்கள். பிணங்களுக்கிடையே ஒரு சிறுவன் பூப்பறிக்கிறான். கொடி இறங்குகிறது. சிரித்த அதே வாய்கள் மறுபடியும் சுடச் சொல்லிக் கத்துகின்றன.

இரஷ்யனும் கிறிஸ்தவன், பிரெஞ்சுக்காரனும் கிறிஸ்தவன், ஆங்கிலேயனும் கிறிஸ்தவன். மூவரும் ஒரே வேதத்தை முத்தமிட்டுவிட்டுத்தான் பீரங்கிக்குத் தீ வைத்தார்கள். பகைவனையும் நேசி என்று போதித்தவரின் பெயராலே படைக்கு ஆசி கூறப்பட்டது. இந்த முரண்பாடு அந்த இளம் அதிகாரியின் நெஞ்சிலே முள்ளாய்த் தைத்தது. அந்தக் கதையைத் தணிக்கை அதிகாரி கண்டபடி வெட்டினான். வியப்பில்லை.

சரி, அந்த வீரர் உள்ளே எப்படி இருந்தார்? பீரங்கிக்கு அஞ்சாதவர் சீட்டுக்கட்டின் முன்னே மண்டியிட்டார்! தாம் பிறந்த பெரிய வீட்டையே விலைக்கு விட்டார். வாங்கியவன் அதைப் பிரித்து வண்டியிலேற்றிக் கொண்டு போனான். அந்தப் பணமும் சீட்டாட்டத்திலே கரைந்தது. செவஸ்தபோலை எதிரிகள் பிடிக்க ஏறத்தாழ ஒரு ஆண்டு ஆயிற்று. டால்ஸ்டாயைப் பிடிக்கச் சூதுக்கு ஒரே ஓர் இரவு போதும் என்றிருந்தது.

அதை அவரே அறிந்திருந்தார். நாட்குறிப்பிலே எழுதி எழுதி அழுதார். 1856இல் படையை விட்டார்.

மாஸ்கோவைப் பிடித்தவன்

பண்ணைக்குத் திரும்பியவர், 1859இல் குடியானவர் பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்தார். பிரம்பு இல்லாத பள்ளி. பிரபு வீட்டுப் பிள்ளை எழுத்தறிவிக்க உட்கார்ந்தார். நல்லதுதான். ஆனால் அதே பண்ணையிலே, மணமான ஒரு குடியானவப் பெண்ணோடு உறவு கொண்டு, ஒரு மகனும் பிறந்தான். அந்த மகனுக்குத் தந்தை பெயரும் இல்லை, பங்கும் இல்லை. எசமானர் செய்தால் குற்றமில்லை என்ற காலம். ஆனால் டால்ஸ்டாயின் மனச்சான்று அந்தக் காலத்தின் வழக்கை ஏற்றுக்கொள்ள மறுத்தது. முதுமை வரை அவரைக் குத்திக் கொண்டேயிருந்தது.

1862இல் சோஃபியா என்ற 18 வயதுப் பெண்ணை மணந்தார். அப்போது அவருக்கு வயது 34. திருமணத்துக்கு முன் தம் பழைய நாட்குறிப்புகளை அந்தப் பெண்ணிடமே படிக்கக் கொடுத்தார். உண்மையை ஒளிக்கக் கூடாது என்பது அவர் எண்ணம். படித்த இளம் பெண்ணின் நெஞ்சு என்ன பாடுபட்டது என்பதை அவர் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. அந்த அம்மையார் 13 பிள்ளைகளைப் பெற்றார். ஐவரைச் சிறு வயதிலேயே பறிகொடுத்தார். கணவரின் கோழிக்கிறுக்கல் எழுத்தை இரவிலே விளக்கடியில் உட்கார்ந்து திரும்பத் திரும்பப் படியெடுத்தார். அப்படிப் பிறந்ததுதான் 1869இல் முடிவுற்ற 'போரும் அமைதியும்' என்ற மாபெரும் நாவல்.

அந்த நாவலின் நடுநாயகமான செய்தி என்ன? 1812இல் நெப்போலியன் 5 இலட்சத்துக்கும் மேற்பட்ட படையோடு இரஷ்யாவுக்குள் நுழைந்தான். போரதினோ என்ற இடத்தில் பயங்கரப் போர். இரஷ்யப் படை பின்வாங்கியது. மாஸ்கோ நகரம் நெப்போலியன் காலடியில் கிடந்தது. நகரப் பெரியவர்கள் வந்து பணிவார்கள் என்று காத்திருந்தான். ஒருவரும் வரவில்லை. நகரம் காலி! அதன்பின் தீ. ஐந்து வாரங்கள் சாம்பலைக் காவல் காத்துவிட்டு அந்த மாவீரன் வந்த வழியே திரும்பினான். பசியும் பனியும் படையைத் தின்றன. எல்லை கடந்து மீண்டவர் சிறு தொகையினரே.

மாஸ்கோவைப் பிடித்தவன் வென்றவனா? பிடிக்கவிட்டுப் பின்வாங்கிய கிழட்டுத் தளபதி குத்தூசவ் தோற்றவரா? நகரத்தைப் பிடிப்பது வேறு, வெல்வது வேறு என்று காட்டினார் டால்ஸ்டாய். ஆனால் அந்த உண்மை அவர் வாழ்க்கைக்குள் நுழைய இன்னும் பத்தாண்டுகள் பிடித்தன.

ஒளித்து வைத்த கயிறு

ஐம்பது வயது நெருங்கிற்று. புகழுக்குக் குறைவில்லை. 'அன்னா கரினீனா' வெளிவந்து இரஷ்யா முழுவதும் அவர் பேச்சு. நிலம், குதிரை, மனைவி, மக்கள், உடல் வலிமை எல்லாம் உண்டு. அப்போதுதான், தனியே படுக்கும் அறையில் இருந்த கயிற்றை ஒளித்து வைத்தார். துப்பாக்கி எடுத்து வேட்டைக்குப் போவதையும் நிறுத்தினார். ஏன்? தம்மைத் தாமே மாய்த்துக் கொள்வோமோ என்ற அச்சம்! எல்லாம் பெற்றவருக்கு, எதற்காக வாழ்கிறோம் என்ற ஒரு கேள்விக்கு மட்டும் விடை கிடைக்கவில்லை.

தத்துவ நூல்களைப் புரட்டினார், கிட்டவில்லை. தம் வயலில் உழும் குடியானவனைப் பார்த்தார். ஒன்றுமில்லாத அவன் வாழ அஞ்சவில்லை, சாகவும் அஞ்சவில்லை. அவன் நம்பிக்கையைத் தேடிப் போனவர் பைபிளுக்கு வந்து சேர்ந்தார். சுவிசேஷங்களை மூல மொழியான கிரேக்கத்திலேயே படித்தார். மத்தேயு எழுதிய சுவிசேஷத்தில் உள்ள மலைப்பிரசங்கம் அவரைப் பிடித்து நிறுத்திற்று. தீமையைத் தீமையால் எதிர்க்காதே, பகைவனை நேசி, கோபத்தை அடக்கு என்ற கட்டளைகளைக் கோயிலில் ஓதிவிட்டு மறப்பதற்கான அலங்காரச் சொற்கள் என்று அவர் கொள்ளவில்லை. நாளைக் காலையிலிருந்து நடத்த வேண்டிய சட்டம் என்று கொண்டார்.

அற்புதங்களை அவர் நம்பவில்லை. சடங்குகளை ஏற்கவில்லை. படைக்கு ஆசி கூறும் பாதிரியை நோக்கி, எந்தக் கிறிஸ்துவின் பெயரால் என்று கேட்டார். விளைவு, 1901இல் இரஷ்யத் திருச்சபை அவரை விலக்கி அறிவித்தது.

போர் எங்கே பிறக்கிறது? அரண்மனையிலா, ஆயுதச் சாலையிலா? அவற்றிலே வளர்கிறது, மெய். ஆனால் பிறப்பது, என் பங்கு பெரியது, என் இனம் உயர்ந்தது, அடித்தவனைத் திருப்பி அடித்தே தீர்வேன் என்று எண்ணும் ஒவ்வொரு நெஞ்சிலும்தான் என்றார். அங்கே அது வெல்லப்படாத வரை, வெளியே ஒரு போர் முடிந்தால் இன்னொன்று முளைக்கும் என்றார். அவர் மறைந்து நான்காம் ஆண்டு, 1914இல், ஐரோப்பாவின் கிறிஸ்தவ நாடுகள் ஒன்றையொன்று கடித்துக் குதறிக் கொண்டபோது, இருதரப்புக் கோயில்களிலும் வெற்றிக்கு வேண்டுதல் நடந்ததை உலகம் பார்த்தது.

கோழையின் கொள்கையா?

நம் தோழர்கள் சிலர் இங்கே குறுக்கிட்டுக் கேட்பார்கள்: அடிப்பவன் அடிக்கட்டும் என்று கைகட்டி நிற்பதா உழைப்பவனுக்கு வழி? நியாயமான கேள்வி. இதைக் கேட்டவர்களிலே லெனினும் ஒருவர். 1908இல் எழுதிய கட்டுரையில், டால்ஸ்டாயின் மேதைமையையும் போலித்தனத்தைக் கிழித்தெறியும் துணிவையும் மெச்சிய லெனின், தீமையை வன்முறையால் எதிர்க்காதே என்ற போதனையைக் கடுமையாகத் தாக்கினார். அந்த வழக்கு இன்றும் முடியவில்லை. நாம் அதை இங்கே முடித்து வைக்கவும் முற்படவில்லை.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். டால்ஸ்டாய் கைகட்டி நின்றவர் அல்லர். 1891இல் பெரும் பஞ்சம் வந்தது. அரசு அதைப் பஞ்சம் என்று ஒப்புக்கொள்ளவே தயங்கிற்று. 63 வயதுக் கிழவர் பட்டினி ஊர்களுக்கே போய்த் தங்கினார். கஞ்சித் தொட்டிகள் திறந்தார்; அவை பெருகிப் பெருகி 200ஐத் தாண்டின. நாள்தோறும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் உண்டார்கள். மனைவியும் பத்திரிகையில் வேண்டுகோள் விடுத்துப் பணம் திரட்டினார். மகள்மாரும் கூட நின்று உழைத்தார்கள்.

1895இல் காக்கசஸ் பகுதியில் தூகபோர்கள் என்ற கிறிஸ்தவக் குடியானவர்கள், இனி யாரையும் கொல்ல மாட்டோம் என்று தங்கள் ஆயுதங்களையெல்லாம் குவித்துக் கொளுத்தினார்கள். கசாக்கியக் குதிரைப் படை அவர்களைச் சவுக்கால் விளாசிற்று. சிறை, நாடு கடத்தல், நோய், சாவு. அவர்களைக் காப்பாற்ற, எழுதி முடிக்காமல் வைத்திருந்த 'புத்துயிர்ப்பு' நாவலை முடித்து விற்றார் டால்ஸ்டாய். தம் பிற்கால நூல்களுக்குப் பதிப்புரிமை வேண்டாம் என்று 1891இலேயே துறந்துவிட்டவர், இவர்களுக்காக மட்டும் காசு கேட்டார். 1899இல் முடிவதற்குள் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தூகபோர்கள் கப்பலேறிக் கனடா போய்ச் சேர்ந்தார்கள். இது கோழையின் வேலையா?

1908இல், ஜார் அரசு புரட்சியாளரையும் குடியானவரையும் வரிசையாகத் தூக்கிலிட்டபோது, இனி மௌனம் இல்லை என்று அறிக்கை விட்டார். என்னையும் பிடித்துப் போடுங்கள் என்று அறைகூவினார். அரசு அவரைத் தொட அஞ்சிற்று. அவர் நூலைப் பரப்பிய ஏழை எளியோரைப் பிடித்தது. அதுதான் அவருக்குப் பெரிய தண்டனையாயிற்று.

ஒரு கோட்டை விழுந்த நாள்

இப்போது நாம் சொல்லப் போவது, அவர் வாழ்வில் நமக்கு மிகவும் பிடித்த நிகழ்ச்சி. மாலை போட முடியாத நிகழ்ச்சி அது.

1904இல் இரஷ்யாவும் ஜப்பானும் மோதின. ஒருபுறம் கிறிஸ்தவ மன்னன். மறுபுறம் பௌத்தம் பரவிய நாடு. கொல்லாமை போதித்த இருவரின் பெயரையும் சொல்லிக்கொண்டே கொலை நடக்கிறது என்று டால்ஸ்டாய் எரிமலையாய்ப் பொங்கிக் கட்டுரை எழுதினார். அவர் சொந்த மகன் ஒருவனே போர்முனைக்குப் புறப்பட்டுப் போனான். அப்பாவின் கொள்கை வீட்டு வாசலைத் தாண்டவில்லை.

1905 சனவரியில் ஆர்தர் துறைமுகக் கோட்டை ஜப்பானியரிடம் சரணடைந்தது. செய்தி யாஸ்னயா போல்யானாவுக்கு எட்டிற்று. தேசப் பெருமை என்பதே போரின் வித்து என்று எழுதியவர்; எந்த நாடு வென்றாலும் தோற்பது மனிதன்தான் என்று சொன்னவர். அவர் நெஞ்சு அப்போது என்ன செய்தது தெரியுமா? வலித்தது! நம் படையா சரணடைந்தது என்று வலித்தது. 76 வயதுத் துறவிக்குள்ளே, அரை நூற்றாண்டுக்கு முன்னே செத்துவிட்டதாக எண்ணிய செவஸ்தபோல் பீரங்கி அதிகாரி எழுந்து நின்றான்.

வேறொருவராய் இருந்தால் மறைத்திருப்பார். அவரோ நாட்குறிப்பில் எழுதி வைத்தார்: இந்த வலிதான் தேசப் பெருமை, அதிலே வளர்ந்தவன் நான், தன்னலத்திலிருந்து நான் முழுக்க விடுபடாதது போலவே இதிலிருந்தும் விடுபடவில்லை என்ற கருத்துப்பட.

தோழர்களே, கஞ்சித் தொட்டியை விட, கப்பலேற்றியதை விட, இந்த ஒப்புதலைத்தான் நாம் பெரிதாகக் கருதுகிறோம். எதிரி இன்னும் உள்ளே இருக்கிறான் என்று கண்டு சொல்கிறவனே போரில் இருக்கிறான். என்னுள்ளே எதிரி இல்லை என்று சொல்கிறவன் எப்போதோ சரணடைந்துவிட்டான்.

தமிழன் நட்ட கொடி

அந்தக் கிழவரின் குரல் நம் மக்களையும் தொட்டது. 1908இல் ஓர் இந்திய இளைஞருக்கு எழுதிய நீண்ட மறுமொழியில், அடிமைத்தளை அறுக்க அன்பின் வழியே வழி என்று காட்ட முனைந்த டால்ஸ்டாய், நம் திருக்குறளிலிருந்து இன்னா செய்யாமை அதிகாரத்தின் குறட்பாக்களை எடுத்தாண்டார். வள்ளுவர் யாஸ்னயா போல்யானா வரை நடந்து போயிருந்தார்!

அந்த மறுமொழியைப் படித்துக் கடிதத் தொடர்பு கொண்டவர், தென்னாப்பிரிக்காவில் இருந்த காந்தியார். 1910 மே மாதம், ஜொகன்னஸ்பர்க் அருகே நண்பர் கால்லன்பாக் அளித்த 1,100 ஏக்கர் பண்ணைக்கு டால்ஸ்டாய் பெயரே சூட்டப்பட்டது. சிறை சென்ற போராளிகளின் குடும்பங்கள் அங்கே தங்கின. அவர்களிலே தமிழர் பலர். செருப்புத் தைத்தார்கள், தச்சு வேலை பார்த்தார்கள், தம் கழிவைத் தாமே சுமந்தார்கள்.

1913இல் அந்தப் பண்ணையில் வாழ்ந்து பழகிய பெண்கள், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், கைக்குழந்தையோடு சென்றோரும் உண்டு, நேட்டால் மாநிலத்து நியூகாசில் சுரங்கங்களுக்குப் போய்த் தொழிலாளரிடம் பேசினார்கள். ஒப்பந்தக் கூலி முடித்தவர் மீது ஆண்டுக்கு 3 பவுன் தலைவரி! அதை எதிர்த்து நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் வேலையை நிறுத்தினர். ஈராயிரத்துக்கும் மேற்பட்டோர் எல்லை நோக்கி நடந்தனர். அடி விழுந்தது, குண்டும் பாய்ந்தது. சிறையில் நோயுற்று வெளிவந்த 16 வயது வள்ளியம்மை 1914 பெப்ரவரியில் மாண்டாள். அந்த ஆண்டே வரி ஒழிந்தது. இந்த வெற்றியைக் காண டால்ஸ்டாய் இல்லை. பண்ணைக்குப் பெயர் வைத்த ஆறே மாதத்தில் அவர் மறைந்துவிட்டார்.

கடைசி இரவு

ஊருக்கெல்லாம் அமைதி சொன்னவரின் வீட்டிலே அமைதி இல்லை. நிலம் பாவம் என்றார் அவர்; பிள்ளைகள் எதைத் தின்பார்கள் என்றார் மனைவி. நூல்கள் உலகுக்கு என்றார் அவர். பேரப் பிள்ளைகளுக்கு இல்லையா என்றார் மனைவி. 1892இல் சொத்துகளை மனைவி மக்கள் பெயருக்கு மாற்றிவிட்டு, அதே வீட்டில், அதே மேசையில், வேலைக்காரர் பரிமாற உண்டு வாழ்ந்தார். குடியானவன் சட்டை அணிந்தார், செருப்புத் தைத்தார், ஏர் பிடித்தார். ஆனாலும் மாளிகை மாளிகைதானே! அந்த முரண்பாடு அவரை அரித்தது. உயில் பற்றிய பூசல் நரகமாயிற்று. அந்த அம்மையாரைப் பேயாகச் சித்திரிப்போர் உண்டு; நாம் அந்தக் கூட்டத்தில் இல்லை. 13 பிள்ளை பெற்று, பண்ணைக் கணக்கும் பார்த்து, ஒரு மேதையின் மனமாற்றங்களுக்கெல்லாம் விலை கொடுத்தவர் அவர். பகைவனை நேசிக்கச் சொன்னவருக்கு, பக்கத்து அறையில் இருந்தவரைத் தேற்றும் வழி தெரியவில்லை. இது தோல்விதான். மறைப்பதில் பயனில்லை.

1910 நவம்பர் 10ஆம் நாள் விடியுமுன், மனைவிக்கு ஒரு கடிதம் எழுதி வைத்துவிட்டு, மருத்துவர் ஒருவரோடு புறப்பட்டார். கன்னிமாடத்தில் இருந்த தங்கையைப் பார்த்தார். மூன்றாம் வகுப்பு வண்டியில் ஏழைகளோடு ஏழையாய்ப் பயணம் செய்தார். குளிர் தாக்கிற்று. அஸ்தபோவாவில் இறக்கினார்கள். 20ஆம் நாள் காலையில் உயிர் பிரிந்தது. மனைவியை உள்ளே விட்டபோது அவருக்கு நினைவில்லை.

அப்படியானால் அவர் வென்றாரா, தோற்றாரா?

சூதை வென்றார். புலாலையும் மதுவையும் வென்றார். புகழாசையோடும் சினத்தோடும் கடைசி வரை மல்லாடினார். சில நாள் வென்றார், சில நாள் வீழ்ந்தார். வீட்டை வெல்லவில்லை. ஆனால் 18 வயதில் தமக்கெதிராகத் தாமே தொடங்கிய போரை, 63 ஆண்டுகள் நிறுத்தவேயில்லை. இறப்பதற்கு நான்கு நாள் முன்பு வரை நாட்குறிப்பு எழுதப்பட்டிருக்கிறது. எத்தனையோ முறை விழுந்த அந்தக் கோட்டையில் வெள்ளைக் கொடி மட்டும் ஏறவில்லை. இதைத்தான் வெற்றி என்று நாம் சொல்வோம்.

நமக்கு இதில் என்ன என்று கேட்காதீர். முதலாளியிடம் கூலி உயர்வு வென்று வந்த கை, அன்றிரவே வீட்டிலே மனைவி மீது ஓங்குமானால், அது வென்ற கையா? மேடையிலே சமத்துவம் பேசிய வாய், மாற்றுக் கருத்துச் சொன்ன தோழனைத் தெருவிலே இழித்துப் பேசுமானால், அது வென்ற வாயா? எதிரியை வீழ்த்திவிட்டு அவன் அகந்தையை நாம் எடுத்து அணிந்து கொண்டால், வென்றவன் யார்? அவன்தானே! வெளியே உள்ள போரை விட்டுவிடச் சொல்லவில்லை. உரிமைக்கான போர் நடக்கத்தான் வேண்டும். உள்ளே உள்ள போரை விட்டுவிட்டு அதை நடத்தாதீர் என்றே சொல்கிறோம்.

டால்ஸ்டாயின் உடல் யாஸ்னயா போல்யானாவுக்கே திரும்பிற்று. ஆயிரக்கணக்கில் குடியானவரும் மாணவரும் பின்தொடர்ந்தனர். பாதிரி இல்லை, சடங்கு இல்லை. அவர் விரும்பியபடியே, காட்டுக்குள்ளே அந்தப் பள்ளத்தின் ஓரத்தில், அண்ணன் நிக்கலாய் பச்சைக் குச்சி புதைந்திருப்பதாகச் சொன்ன இடத்தில் அடக்கம் செய்தார்கள். சிலுவை நடவில்லை. பெயர் பொறித்த கல்லும் இல்லை. ஒரு மண்மேடு, அதன் மேலே புல். குச்சி இன்னும் அங்கேதான் கிடக்கிறது.